புதுப்பிப்பு: சிகரெட் வாடை வீசிய காட்ஸில்லா வினைல் பொம்மை

இரண்டாங்கையாக வாங்கிய ஜப்பானியக் காட்ஸில்லா (சினிமாவில் வரும் ராட்சத விலங்கு) பொம்மையின் சிகரெட் வாடையைப் போக்க வழி உண்டா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். அது இப்போது பெரும்பாலும் நீங்கிவிட்டது. வெளிப்புறத்தை மட்டுமே திரும்பத் திரும்பக் கழுவியது என் தவறு, ஏனெனில் உள்ளீடற்ற இந்த மென்வினைல் (வளையும் பிளாஸ்டிக்) பொம்மையின் உட்சுவரிலும் புகைப்படிவு ஒட்டியிருந்தது. கை, கால், வால் இணைப்புகளை வெந்நீரில் இளக்கிக் கழற்றி, பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெதுவெதுப்பான நீரில் மென்மையான பிரஷால் தேய்த்து, ஈரம் முழுதும் உலர்ந்தபின், மீன்தொட்டி வடிகட்டிகளில் போடும், வாடையை ஈர்த்துக்கொள்ளும் ஆக்டிவேட்டட் கரியோடு மூடிய டப்பாவில் 3 வாரங்கள் வைத்தேன். வண்ணப்பூச்சு கரைந்துவிடும் என்பதால் அசிட்டோன் என்ற கரைப்பானைத் தொடவில்லை. நிறம் மாறும் என்று அஞ்சி வெயிலிலும் காயவைக்கவில்லை. வால் மூட்டில் மட்டும் லேசான வாடை இன்னும் எஞ்சியிருப்பதால், கரியை மாற்றி மீண்டும் மூடி வைத்திருக்கிறேன்.