வக்கீல் கடிதம் வந்திருக்கிறது, ஃபேஸ்புக் பதிவை எடுக்கவா, விடவா?

மலர், சுவா சூ காங்:
வணக்கம். விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுச் சமையலறை ரெனவேஷனுக்கு ஒரு காண்ட்ராக்டரிடம் 9,000 வெள்ளி கொடுத்தோம். பழைய கேபினட்டைக் கழற்றினார், டைல்ஸைப் பாதி ஒட்டினார், அதோடு சரி. சின்க் வர வேண்டிய இடத்தில் வெறும் குழாய் நீட்டிக்கொண்டிருக்கிறது. பாத்திரங்களைக் குளியலறையில் கழுவுகிறோம். வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுகிறது, பதில் வருவதில்லை.

எங்கள் வட்டார ஃபேஸ்புக் குழுவில் எழுதினேன்: "இந்த ஆள் ஃபிராடு. ஏமாற்றும் எண்ணத்தோடுதான் வேலையே எடுக்கிறான். நிறைய குடும்பங்களை இப்படி மோசம் செய்திருக்கிறான்." கூடவே அவருடைய லாரிப் படமும் கைப்பேசி எண்ணும் போட்டேன். பெயர் போடவில்லை. நேற்று அவருடைய வக்கீலிடமிருந்து கடிதம். 7 நாளில் பதிவை நீக்கி, மன்னிப்புக் கேட்டு, 8,000 வெள்ளி இழப்பீடு கொடுக்க வேண்டுமாம். பணத்தைப் பறிகொடுத்தது நாங்கள்! "எடுக்காதே, எடுத்தால் தப்பை ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்" என்கிறார் என் கணவர். ஜெயில் வரைக்கும் போகுமா?

குமார், உட்லண்ட்ஸ்:
பெயரே போடவில்லையே அக்கா, அவரால் என்ன செய்ய முடியும்? கடிதத்தைக் கிழித்துப் போடுங்கள்.

காதர், பிடோக்:
தம்பி குமார், அப்படிச் சொல்லாதீர்கள். லாரியையும் எண்ணையும் பார்த்து இன்னார் என்று நாலு பேருக்குத் தெரிந்தால் போதும், பெயர் போட்ட மாதிரிதான்.

மலர், நான் வக்கீல் இல்லை. வக்கீல் அலுவலகத்தில் கிளார்க்காக இருப்பவன், இந்த மாதிரிக் கடிதங்கள் என் கையால்தான் தபாலுக்குப் போகும். முதலில் பயத்தை விடுங்கள். வந்திருப்பது சிவில் வழக்குக்கு முந்திய கடிதம். தண்டனைச் சட்டத்தில் அவதூறுக்கு 2 ஆண்டு வரை சிறை உண்டு என்பது உண்மை, ஆனால் அது வேறு பாதை. இந்தக் கடிதத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

உண்மையைச் சொன்னால் அவதூறு ஆகாது. ஆனால் உண்மை என்று நிரூபிக்க வேண்டியது எழுதியவர். நீங்கள் எழுதியதை அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். "9,000 வெள்ளி வாங்கினார், டைல்ஸ் பாதியில் நிற்கிறது, செய்திக்குப் பதில் இல்லை" என்பதற்கு ரசீதும் படமும் வாட்ஸ்அப்பும் சாட்சி. "ஏமாற்றும் எண்ணத்தோடு வேலை எடுக்கிறான்" என்பதற்கு? அவர் மனசில் இருந்ததை நீங்கள் நிரூபிக்க வேண்டும். "நிறைய குடும்பங்கள்" என்றால், அந்தக் குடும்பங்கள் வந்து சாட்சி சொல்ல வேண்டும். உங்கள் நியாயம் முழுக்க முதல் வகையில் இருக்கிறது, ஆபத்து முழுக்க இரண்டாவது வகையில். அதுதான் எனக்கு வருத்தம்.

இன்னொன்று, அந்தக் கைப்பேசி எண். துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டத்தில் 2020 முதல் புதுக் குற்றம் ஒன்று சேர்ந்திருக்கிறது. ஒருவரைத் தொல்லைப்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய விவரங்களை வெளியிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். உங்களுக்கு அந்த நோக்கம் இல்லை, எனக்குப் புரிகிறது. இருந்தாலும் எண் அங்கே இருக்க வேண்டாம்.

அதனால் இன்றைக்கே பதிவு, கமெண்ட், தேதி எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டுப் பதிவை நீக்குங்கள். நீக்குவது மட்டுமே தப்பை ஒத்துக்கொண்டதாக ஆகாது. நீக்கிவிட்டதால் வழக்கு வராது என்றும் சொல்ல முடியாது, 6 ஆண்டு வரை அவருக்கு நேரம் உண்டு. ஆனால் பரப்பிக்கொண்டே இருந்தால் இழப்பீடு ஏறும். மன்னிப்பு வாசகத்தில் மட்டும் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். சமூக மன்றத்தில் நடக்கும் இலவசச் சட்ட ஆலோசனைக்குக் கடிதத்தையும் ஒப்பந்தத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள், கெடு முடிவதற்குள்.

ஷாந்தி, பொங்கோல்:
பணத்தை விட்டுவிடாதீர்கள் மலர். பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். ஸ்மால் கிளைம்ஸில் (சிறு தொகை வழக்குகளுக்கான நடுவர் மன்றம்) 20,000 வெள்ளி வரை கேட்கலாம், இரு தரப்பும் சம்மதித்தால் 30,000 வரை. 2 ஆண்டுக்குள் போட வேண்டும். அங்கே அவரும் வக்கீல் வைத்துக்கொள்ள முடியாது, நீங்களும் அவரும் நேருக்கு நேர் பேச வேண்டியதுதான். எங்கள் வீட்டு ஏர்கான் விவகாரம் அப்படித்தான் முடிந்தது.

மலர், சுவா சூ காங்:
ரொம்ப நன்றி காதர் அண்ணா, ஷாந்தி. பதிவை எடுத்துவிட்டேன். என் நாத்தனார் அதை ஷேர் மட்டும் செய்திருந்தார், சொந்தமாக ஒரு வார்த்தை எழுதவில்லை. அவருக்கும் பிரச்சினை வருமா?

காதர், பிடோக்:
வரலாம்மா. வலைப்பதிவர் லியோங் ஸீ ஹியான் 2018 நவம்பரில் ஒரு கட்டுரையின் இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர்ந்தார், தானாக எதுவும் எழுதவில்லை, சில நாளில் எடுத்தும் விட்டார். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் வழக்குப் போட்டார். 2021 மார்ச்சில் 133,000 வெள்ளி கொடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. அது பிரதமர் மீதான குற்றச்சாட்டு, தொகை அந்த அளவுக்குப் பெரியது, உங்கள் விஷயத்தில் அவ்வளவு வராது. ஆனால் பகிர்வதும் வெளியிடுவதுதான். மூடிய வாட்ஸ்அப் குழுவாக இருந்தாலும் அப்படித்தான். நாத்தனாருக்கு இப்பவே போன் போடுங்கள். வேறு எந்தக் குழுவுக்கு அனுப்பினார் என்பதையும் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், ஆலோசனைக்குப் போகும்போது வக்கீல் அதைத்தான் கேட்பார்.