நிலவியல் மாடலை இன்ஜினியர் எந்தக் கட்டத்தில் பார்க்க வேண்டும்?

கேள்வி
நான் ரிசர்வாயர் இன்ஜினியர், நிலத்தடிப் பாறையிலிருந்து எண்ணெயை எப்படி எடுப்பது என்று கணக்கிடுவது என் வேலை. கடலடியில் உள்ள ஒரு எண்ணெய் வயலுக்கு மேம்பாட்டுத் திட்டம் போடுகிறோம். நிலவியல் குழு கோடிக்கணக்கான செல்கள் (பாறையைப் பிரித்த சிறு கட்டங்கள்) கொண்ட மாடலை முழுக்க முடித்த பிறகுதான் எங்கள் கைக்குத் தருகிறது. சிமுலேஷன் (எண்ணெய், தண்ணீர் ஓட்டத்தைக் கணினியில் கணக்கிடுவது) ஓட வேண்டுமே என்று நாங்கள் அதைச் சில லட்சம் செல்களாகச் சுருக்குகிறோம், உடனே "நாங்கள் போட்ட களிப்பாறை அடுக்கெல்லாம் எங்கே" என்று அவர்கள் கேட்க, "அவ்வளவு நுணுக்கம் எதற்கு" என்று எங்கள் பக்கம் கேட்க, வாரக்கணக்கில் இதே பேச்சுதான். மற்ற இடங்களில் எப்படி?

பதில் 1
நான் நிலவியல் பக்கம். மாடல் தொடங்கும் முன்பே சேர்ந்து உட்காருங்கள். எண்ணெயைத் தள்ளத் தண்ணீர் செலுத்தப் போகிறீர்களா, வாயுவா, கிணறுகள் கிடையாகப் போகுமா என்பது தெரியாமல் எதை விடலாம், எதை விடக்கூடாது என்று எங்களால் சொல்ல முடியாது. அரை மீட்டர் களிப்பாறை அடுக்கு எண்ணெய் இருப்புக் கணக்கில் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அது பரவலாக விரிந்திருந்தால், கீழிருந்து கிணற்றுக்கு ஏறி வரும் தண்ணீரை மறிப்பதே அதுதான். மாறாக, ஊடுருவுதிறன் மிக அதிகமான மெல்லிய மணல் அடுக்கு ஒன்று இருந்தால் செலுத்திய தண்ணீர் அதன் வழியே ஓடி உற்பத்திக் கிணற்றுக்குச் சீக்கிரமே வந்துவிடும். சராசரி எடுக்கும்போது இரண்டுமே காணாமல் போகும். அந்த அடுக்குகளைத் தனியாக வைத்துவிட்டு மற்றதைத் தாராளமாகச் சுருக்குங்கள்.

பதில் 2
ஃபால்ட்டையும், அதாவது பாறை உடைந்து நகர்ந்த பிளவையும், சேர்த்துக்கொள்ளுங்கள். அது இருப்பதை சீஸ்மிக் (நிலத்தடியைப் படமாக்கும் அதிர்வலை ஆய்வு) காட்டும், எண்ணெயும் தண்ணீரும் கடக்காமல் அது அடைத்திருக்கிறதா என்பதைக் காட்டாது. இரு பக்கமும் அழுத்தம் ஒன்றாக இருக்கிறது, அதனால் திறந்ததுதான் என்று சிலர் முடித்துவிடுவார்கள், அது தவறு. லட்சக்கணக்கான ஆண்டுகளில் மெல்லக் கசிந்தே அழுத்தம் சமமாகியிருக்கலாம், இருபது ஆண்டு உற்பத்தியில் அதே ஃபால்ட் சுவர் போல நிற்கலாம். அடைத்தது, திறந்தது என இரண்டு மாடலையும் ஓட்டிப் பாருங்கள், கூடுதல் கிணறுக்கு பிளாட்ஃபார்மில் (கடலில் நிற்கும் உற்பத்தி மேடை) இடம் விட வேண்டுமா என்பது அப்போது தெரியும்.

பதில் 3
இன்னொன்று, பாறையின் வலிமை. நார்வேயின் எக்கோஃபிஸ்க் வயலில் 1971இல் உற்பத்தி தொடங்கியது. அங்கே எண்ணெய் இருப்பது சாக் எனும் மென்மையான சுண்ணப்பாறையில், அழுத்தம் குறையக் குறைய அது நசுங்கியது. கடல்தளம் தாழ்வதை 1984இல்தான் கவனித்தார்கள், 1987இல் பிளாட்ஃபார்ம்களை 6 மீட்டர் உயர்த்த வேண்டியிருந்தது. அழுத்தத்தைக் காக்கத் தண்ணீர் செலுத்தினால் அந்தத் தண்ணீரே சாக்கைப் பலவீனமாக்கியது, அதனால் தாழ்வு உடனே நிற்கவில்லை. பாறையியல், ரிசர்வாயர், கட்டுமானம் மூன்றும் தனித்தனி மேசையில் இருந்தால் இதை யாராலும் முன்கூட்டிப் பார்க்க முடியாது.

கேட்டவர்
நன்றி. எங்கள் வயலில் அப்படி மெல்லிய மணல் அடுக்கு ஒன்று இரண்டு கிணறுகளின் லாக்கில் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுத்த அளவீட்டுப் பதிவு) தெரிகிறது, மூன்றாவதில் இல்லை. அடுத்த கூட்டத்தை அதிலிருந்தே தொடங்கச் சொல்கிறேன். பதில் 2 எழுதியவருக்கு: ஃபால்ட்டைச் சோதிக்க நீண்ட நேர வெல் டெஸ்ட் (கிணற்றை ஓடவிட்டும் மூடியும் அழுத்தம் மாறுவதை அளப்பது) போதுமா?

பதில் 2
ஃபால்ட் கிணற்றுக்கு அருகில் இருந்தால் உதவும். தூரமாக இருந்தால் அழுத்த மாற்றம் அங்கே போய்த் திரும்புவதற்குள் டெஸ்ட் முடிந்துவிடும், எவ்வளவு நேரம் தேவை என்று முதலில் உங்கள் மாடலிலேயே கணக்கிட்டுவிடுங்கள்.