மறுமொழி: சலாது டிரெசிங் – ‘பிசறுசாறு’ என்று சொல்லலாமா?

எல்லோருக்கும் வணக்கம்.

சலாதில் (salad) கலக்கும் புளிப்பும் எண்ணெயும் சேர்ந்த டிரெசிங்குக்கு (dressing) தமிழில் என்ன சொல் வைக்கலாம் என்ற கேள்விக்கு இதுவரை வந்த சொற்களை எல்லாம் வாசித்தேன்: மேற்சாறு, அலங்காரச்சாறு, சுவைநீர், சலாதுக்குழம்பு. நான் இன்னொன்றை முன்வைக்கிறேன்: பிசறுசாறு.

யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில் சமையல் வகுப்பு எடுக்கிறேன். சோளகம் வீசி மாம்பழம் குவியும் இந்த மாதங்களில், பழமும் பாற்கட்டியும் (சீஸ்) சேர்ந்த சலாதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது வழக்கம். செய்முறையைத் தமிழில் எழுதும்போது மற்றதெல்லாம் வந்துவிடும், இந்த ஒரு சொல்லில்தான் பேனா நின்றுவிடுகிறது. அதனால் செய்முறையை வைத்தே பேசுகிறேன்.

கறுத்தக் கொழும்பான் மாம்பழம், விரல் வைத்தால் சற்றே அமுங்கும் பதத்தில். அதற்கு மேல் கனிந்தால் சாப்பிட நல்லது, துண்டு போட ஆகாது. அதோடு விதை நீக்கிய வத்தகப்பழம் (தர்பூசணி), பிஞ்சு வெள்ளரி, கிள்ளிப்போட்ட புதினா. கிரேக்க நாட்டில் வத்தகப்பழத்தோடு சேர்ப்பது ஃபெட்டா என்ற பாற்கட்டி. செம்மறிப்பாலில், அல்லது அதில் கொஞ்சம் வெள்ளாட்டுப்பால் கலந்து செய்து உப்புநீரில் ஊறவைப்பது. எங்கள் ஊரில் ஆட்டுப்பால் கிடைக்கிறதே. ஒரு லீற்றரைக் கொதிக்கவைத்து இறக்கி, தேசிக்காய் (எலுமிச்சை) புளியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெல்லக் கிண்டுங்கள். பால் திரிந்து, பச்சை படர்ந்த தெளிந்த நீர் பிரிந்ததும் புளியை நிறுத்திவிட வேண்டும். வெள்ளைத் துணியில் வடித்து, உப்புத் தூவி முடிந்து, மேலே பாரம் வைத்துவிட்டால் ஒரு மணித்தியாலத்தில் வெட்டக்கூடிய கட்டி. பசுப்பாலில் செய்ததைவிட இது மெதுமை, கொஞ்சம் அழுத்திப் பிடித்தாலே உதிரும். இந்த மெதுமையை மனதில் வையுங்கள், சொல்லுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது.

> பாற்கட்டியைப் பாலாடைக்கட்டி என்றே எழுதலாமே?

தமிழ்நாட்டில் அது நிலைத்துவிட்டது, அங்கே மாற்றச் சொல்லமாட்டேன். ஆனால் ஆடை என்பது பாலின் மேலே படியும் கொழுப்புப் படலம். கட்டியாவதோ பாலுக்குள் இருக்கும் புரதம். எங்கள் பக்கத்துப் பாற்கட்டி இந்த விஷயத்தில் சரியான சொல். சலாது என்ற சொல்லையும் மாற்றாமல் விட்டுவிடுவோம். பாண், கதிரை, அலுமாரி போலப் போர்த்துக்கேயர் வழியாக வந்து எங்கள் வாயில் பழகிவிட்டது.

> டிரெஸ் என்றால் உடுத்துவது, அலங்கரிப்பதுதானே. அலங்காரச்சாறு பொருந்தாதா?

சமையலில் அந்தச் சொல்லுக்கு உடுப்போடு சம்பந்தம் இல்லை. பழைய பிரெஞ்சில் ஒழுங்குபடுத்து, ஆயத்தம் செய் என்ற பொருளில் இருந்த வினையிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. ஆக, சாப்பாட்டை ஆயத்தமாக்கும் வேலையைத்தான் அது குறிக்கிறது. அலங்காரம் என்று போட்டால் தட்டின் ஓரத்தில் வைக்கும் தக்காளிப்பூதான் நினைவுக்கு வரும். மேற்சாற்றிலும் எனக்கு ஒரு தயக்கம்: மேலே ஊற்றிவிட்டு அப்படியே விடுவது என்று பிள்ளை விளங்கிக்கொள்ளும். டிரெசிங் மேலே நிற்கக்கூடாது, ஒவ்வொரு துண்டிலும் ஏறவேண்டும்.

அந்த ஏற்றுகிற வேலைக்குத் தமிழில் வினை இருக்கிறது. புட்டையும் வாழைப்பழத்தையும் பிசைகிறோம், அதில் உருவம் போய்விடும். கரண்டியால் கிளறுகிறோம். இறைச்சியை அடுப்பில் வைத்துப் பிரட்டுகிறோம். மீன் துண்டுக்கு உப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறுகிறோம்: விரல்களை அகல விரித்து, அடியிலிருந்து தூக்கி, எதையும் நசுக்காமல் எல்லாத் துண்டுக்கும் பூச்சு ஏற்றுவது. ஆட்டுப்பால் கட்டி உதிராமல், மாம்பழம் குழையாமல் இருக்க வேறு எந்தக் கைவேலையும் உதவாது. சொல்லுக்குள்ளேயே செய்முறை இருந்தால் பிள்ளைக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

> சரி, பிசறுநீர் என்று வைத்தால் என்ன? ஏன் சாறு?

நல்ல கேள்வி. நான் கலக்குவது இப்படி: தேசிக்காய்ப் புளி இரண்டு மேசைக்கரண்டி, நல்லெண்ணெய் ஒன்று, பனங்கட்டிப் பாணி ஒரு தேக்கரண்டி, இடித்த மிளகு, உப்பு. பிரெஞ்சுக்காரர் வழமையாக எண்ணெய் மூன்று பங்கும் வினாகிரி (வினிகர்) ஒரு பங்கும் எடுப்பார்கள். கசப்பும் காரமுமான இலைகளுக்கு அது சரி, இனிக்கும் பழத்துக்குப் புளிதான் முன்னால் நிற்கவேண்டும். ஒரு போத்தலில் விட்டுக் குலுக்கினால் எண்ணெயும் புளியும் வெளுத்து ஒன்றாகி நிற்கும், பிறகு பிரிந்துவிடும். எண்ணெய் சேர்வதால் நீர் என்ற சொல் பாதியைத்தான் சொல்கிறது. இன்னொன்று, உப்புப் பட்டதும் வத்தகப்பழமும் வெள்ளரியும் தண்ணீர் விடும். அந்தப் பழச்சாறும் இதோடு சேர்ந்துதான் கோப்பையின் அடியில் தேங்குகிறது. சலாது என்ற சொல்லின் வேரும் இலத்தீனில் உப்புத்தான், உப்பிட்ட கீரை என்பதே முதற்பொருள். உப்பிட்டுப் பிசற ஊறிவரும் சாறு என்று இரண்டும் ஒரே சொல்லில் அமைகின்றன.

இலக்கணம் கேட்டவருக்கு: ஊறுகாய், சுடுநீர் போல இதுவும் வினைத்தொகை, அதாவது காலம் காட்டாத வினையோடு பெயர் சேர்ந்த சொல். ஆகவே நடுவில் ஒற்று மிகாது. ‘பிசறுச்சாறு’ என்று எழுதவேண்டாம்.

செய்முறைக் குறிப்பில் இரண்டு எச்சரிக்கையும் சேர்க்கவேண்டும் என்பது என் விருப்பம். பிசறுசாற்றைப் பரிமாறும் நேரத்தில் விடவேண்டும். முன்கூட்டியே விட்டால் பழம் தண்ணீர் விட்டுத் தொய்ந்துபோகும். வேகவைக்காத அன்னாசியைப் பாற்கட்டியோடு கலந்து வைத்திருக்கக்கூடாது. அன்னாசியில் புரதத்தை உடைக்கும் நொதியம் (என்சைம்) இருக்கிறது, கட்டி கசந்து கூழாகத் தொடங்கும். பப்பாசிக்காயிலும் அப்படி ஒன்று உண்டு. அன்னாசி வேண்டுமென்றால் ஒரு கொதி கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேருங்கள், வெப்பத்தில் நொதியம் செயலிழந்துவிடும்.

அகராதிப் பதிவுக்கு நான் முன்வைக்கும் வரி:

பிசறுசாறு – பெயர். சலாதின் துண்டுகளில் ஏறும்படி பிசறுவதற்காகப் புளிப்பு, எண்ணெய், உப்பு முதலியவற்றைக் கலந்து செய்வது.

மயோனேஸ் போன்ற தடித்த வகைக்கும் இதே சொல் போதும் என்பது என் எண்ணம். சாறு என்றால் ஓடவேண்டும், தடித்ததற்கு ‘பிசறுகூழ்’ என்று கனடாவிலிருந்து அக்கா எழுதியதையும் யோசித்துப் பார்த்தேன். இரண்டு சொல் வைத்தால் மாணவர் குழம்புவார்கள் என்றுதான் தயங்குகிறேன். வகுப்பெடுக்கும் மற்றவர்கள் சொல்லுங்கள்.