ஸ்கேன் பற்றி ஊடகத்தில் எழுதும்போது அச்சமும் ஏற்படாமல், விளம்பரமாகவும் ஆகாமல் இருக்க என்ன செய்யலாம்?

கேள்வி

வணக்கம். ஓர் இதழின் நலவாழ்வுப் பக்கத்தை நான் கவனித்து வருகிறேன். நவம்பர் 8 அன்று வரும் சர்வதேசக் கதிரியக்கவியல் (உடலின் உட்புறத்தைப் படமெடுத்து நோயறியும் துறை) தினத்தையொட்டி எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ., அல்ட்ராசவுண்ட் ஆகியவை பற்றி ஒரு சிறு தொடரும் சில காணொளிகளும் கொண்டுவர எண்ணியுள்ளோம். எங்களுக்கு வரும் கட்டுரைகளில் ஒரு பாதி, புதிய இயந்திரம் எல்லா நோய்களையும் முன்கூட்டியே காட்டிவிடும் என்கிறது; மறுபாதி, ஸ்கேன் எடுத்தாலே புற்றுநோய் வந்துவிடும் என்று அஞ்ச வைக்கிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் எதிலிருந்து தொடங்கச் சொல்வீர்கள்? எண்களை எந்த அளவுக்குத் தரலாம்?

மறுமொழி 1 (கதிரியக்கவியல் மருத்துவர்)

எல்லாவற்றையும் ‘ஸ்கேன்’ என்ற ஒரே சொல்லில் அடக்குவதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது. அல்ட்ராசவுண்ட் ஒலி அலைகளாலும், எம்.ஆர்.ஐ. காந்தப்புலத்தாலும் ரேடியோ அலைகளாலும் இயங்குபவை, எக்ஸ்ரேயிலும் சி.டி.யிலும் உள்ள அயனியாக்கும் கதிர்வீச்சு, அதாவது அளவு மிகுந்தால் உயிரணுக்களைப் பாதிக்கக்கூடிய கதிர்வீச்சு, இவற்றில் இல்லை. எண்களைத் தாராளமாகத் தாருங்கள், ஆனால் தனியாக விட்டுவிடாதீர்கள். மார்பு எக்ஸ்ரே ஒன்றில் உடல் பெறும் கதிர்வீச்சு ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட் (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அல்லது அதற்கும் குறைவு. மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் விண்வெளியிலிருந்தும் ஒருவர் ஓராண்டில் இயல்பாகப் பெறுவது உலகச் சராசரியில் சுமார் 2.4 மில்லிசீவர்ட், வயிற்றுப் பகுதி சி.டி. ஒன்றில் சுமார் 8 முதல் 10 வரை. இந்த மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால், எக்ஸ்ரேக்கு ஏன் அஞ்ச வேண்டியதில்லை என்பதும், தேவையின்றி சி.டி.யைத் திரும்பத் திரும்ப எடுக்க நாங்கள் ஏன் தயங்குகிறோம் என்பதும் சேர்ந்தே விளங்கிவிடும்.

இன்னொன்றையும் வற்புறுத்திச் சொல்ல வேண்டும். படத்தைப் படித்துச் சொல்லும் மருத்துவர் ஒருவர் இருக்கிறார் என்பதே பலருக்குத் தெரியாது. ஒரு மார்பு சி.டி.யில் நூற்றுக்கணக்கான குறுக்குவெட்டுப் படங்கள் இருக்கும். அவற்றை நுரையீரலுக்கு ஒரு முறை, எலும்புக்கு ஒரு முறை, மென்திசுக்களுக்கு ஒரு முறை என்று ஒளிர்வை மாற்றி மாற்றிப் பார்ப்போம். பழைய படம் இருந்தால் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். அதன் பிறகே அறிக்கை எழுதுவோம். இயந்திரத்தைப் படம்பிடிக்க வரும் செய்தியாளர்கள் இந்த அறைக்குள்ளும் வர வேண்டும் என்பது என் நெடுநாள் விருப்பம்.

மறுமொழி 2 (ரேடியோகிராபர் – கருவியை இயக்கிப் படம் எடுப்பவர்)

காணொளியில் எம்.ஆர்.ஐ. அறைக் கதவுக்கு வெளியே நடக்கும் விசாரிப்பைக் காட்டுங்கள். பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) இருக்கிறதா, அறுவை சிகிச்சையில் உலோகக் கிளிப் வைத்திருக்கிறார்களா, கண்ணில் இரும்புத்துகள் பட்டதுண்டா என்று வரிசையாகக் கேட்போம். பெரும்பாலான எம்.ஆர்.ஐ. கருவிகளின் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் இயங்கிக்கொண்டேதான் இருக்கும். உள்ளே கொண்டுபோகும் ஆக்சிஜன் சிலிண்டரைக்கூட அது இழுத்துவிடும். இது தெரியாதவர்கள் எங்கள் கேள்விகளை வெறும் சம்பிரதாயமாக நினைத்து அவசரத்தில் ‘இல்லை’ என்று சொல்லிவிடுகிறார்கள். உள்ளே கேட்கும் தடதட ஓசையையும் பதிவு செய்து போடுங்கள். அது கருவியின் கம்பிச்சுருள்கள் அதிர்வதால் வருவது என்று முன்பே அறிந்தவர்கள் அசையாமல் படுத்திருக்கிறார்கள். படமும் தெளிவாக வருகிறது.

மறுமொழி 3 (அறிவியல் செய்தியாளர்)

இந்தத் துறை பிறந்தபோதே ஊடகம் உடனிருந்தது. 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மன் இயற்பியலாளர் ரான்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். 1896 ஜனவரி தொடக்கத்திலேயே வியன்னாவின் நாளிதழ் ஒன்று அதை வெளியிட, செய்தி உலகெங்கும் பரவியது. எல்லோரும் வியப்பைத்தான் எழுதினார்கள். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் இக்கதிர்களுடன் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி கைகளில் காயம் பட்டு, புற்றுநோய் கண்டு, 1904இல் இறந்த பிறகுதான் ஆபத்தைப் பற்றிய பேச்சு வலுத்தது. பயனையும் பாதுகாப்பையும் ஒரே கட்டுரையில் எழுதுங்கள் என்று நான் கேட்பது இதனால்தான். பாதுகாப்பை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்தால் அது யார் கண்ணிலும் படாமல் போய்விடும்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி. தொடரின் வரிசையை மாற்றப் போகிறோம். நோய்க்குறி ஏதும் இல்லாதவர்கள் முழு உடல் ஸ்கேன் எடுத்துக்கொள்ளலாமா என்று பல வாசகர்கள் கேட்கிறார்கள். அதற்கு என்ன எழுதலாம்?

மறுமொழி 1 (கதிரியக்கவியல் மருத்துவர்)

பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை என்றே எழுதுங்கள். தேடிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லோரிடமும் தீங்கில்லாத நீர்க்கட்டியோ சிறு முடிச்சோ தென்படும். அது என்னவென்று உறுதிசெய்ய மேலும் ஸ்கேன், சில வேளை ஊசி வைத்துத் திசு எடுப்பது என்று அலைச்சல் நீளும். ஆனால் குறிப்பிட்ட வயதுப் பெண்களுக்கான மேமோகிராம் (மார்பக எக்ஸ்ரே), நெடுங்காலம் அதிகம் புகைபிடித்தவர்களுக்கான குறைந்த கதிர்வீச்சு மார்பு சி.டி. போன்றவை வேறு வகை; அவை பயன் உறுதிப்பட்ட பரிசோதனைகள். இரண்டையும் ஒரே பத்தியில் கலந்துவிட்டால், வேண்டியவர்களும் போகாமல் நின்றுவிடுவார்கள்.