கிட்கட், லயன் சீரியல்: பாலுக்குள்ள போட்டால் பாரின்ர ருசி ஏன் வருகுதில்லை?

கோண்டாவிலான்:
லண்டன் பார்சலில வந்த கிட்கட் சீரியல் ஒண்டும் லயன் சீரியல் ஒண்டும் இருக்கு, காலமை பாலில போட்டுச் சாப்பிடுற தானியத் துண்டுகள். கூடவே அதே பேரில சொக்லேற் பார்களும். பாரையும் சீரியலையும் பக்கத்தில வைச்சுச் சுவை பார்த்து, எது தன்ர பாருக்குக் கிட்ட நிக்குது எண்டு எழுத வேணும். பால்மா கரைச்ச பாலுக்குள்ள போட்டால் ரெண்டு நிமிசத்தில கூழாகுது. இனிப்பு மட்டும்தான் தெரியுது. பிழை பாலிலயோ, சீரியலிலயோ? எவ்வளவுக்கு எவ்வளவு, என்ன சூட்டில, எந்த ஒழுங்கில?

இணுவில்_பேக்கரி:
பாரில ருசியைத் தூக்கிக் குடுக்கிறது கொக்கோ வெண்ணெய். அது 34 பாகை செல்சியசுக்குக் கிட்ட, வாயின்ர சூட்டுக்குக் கொஞ்சம் கீழ உருகும். உருகேக்கதான் கொக்கோ மணம் மூக்குக்கு ஏறும். பாருக்குள்ள இருக்கிற வேபருக்குள்ள, அதாவது மெல்லிய மொறுமொறு பிஸ்கற் தகட்டுக்குள்ள, ஈரம் போகாமல் காக்கிறதும் அந்தக் கொழுப்புத்தான். சீரியலில அப்பிடி ஒரு கொழுப்புப் போர்வை இல்லை. கோதுமை மாவும் கொக்கோத் தூளும் சேர்த்துப் பொரிய வைச்சு, மேல சீனிப் பூச்சுக் குடுத்துக் காய வைக்கிறது. பூச்சு பாலில கரைஞ்ச உடன உள்ளுக்கு இருக்கிற காற்றுத் துளையளுக்குள்ள பால் ஏறிவிடும். கூழாகிறது அதாலதான்.

ஆகவே உருகலைத் தேடாதேங்கோ. வறுத்த கொக்கோவின்ர மெல்லிய கசப்பு, வனிலா வாசம், கடைசியாகக் கோப்பையில மிஞ்சிற பால், இந்த மூண்டையும் பாருங்கோ. மிஞ்சிற பாலுக்கு நான் கூடப் புள்ளி போடுவன். கொக்கோவும் சீனியும் பாலின்ர கொழுப்போட சேருறது அங்கதான், பாருக்கு ஆகக் கிட்டவாக வாறதும் அங்கதான்.

ரெண்டுக்குள்ள லயன்தான் தன்ர பாருக்குக் கிட்ட நிக்கும். லயனின்ர கரமல் வாசம் சீனியும் பாலும் சூட்டில நிறம் மாறேக்க வாறது, அடுப்புச் சூட்டைத் தாங்கும். கிட்கட்டின்ர உயிர் வேபர் அடுக்கு. அதைச் சின்னச் சதுரத் துண்டுக்குள்ள கொண்டு வாறது கஷ்டம்.

சங்கானை_மச்சாள்:
பாலிலயும் பிழை இருக்கு தம்பி. சூடான பால் வேண்டவே வேண்டாம். சூட்டில சீனிப் பூச்சும் கெதியாகக் கரையும், மாப்பொருளும் கெதியாக ஊதும். எங்கட ஆக்கள் சுடுபாலுக்குப் பழகினபடியால் இதில நிறையப் பேர் பிழை விடுகினம்.

முழு ஆடைப் பால்மா 25 கிராம், அதாவது மட்டமாக மூண்டு மேசைக்கரண்டி. கொஞ்ச வெதுவெதுப்பான தண்ணியில கட்டியில்லாமல் பசையாகக் குழைச்சு, பிறகு 200 மில்லிலீற்றர் ஆக்குங்கோ. இதில கொழுப்பு பசுப்பாலுக்குக் கிட்ட வரும். கரைச்ச உடன பாவிச்சால் நுரையும் மாத்தன்மையும் நாக்கில நிக்கும். இரவு முழுக்க ஃபிரிட்ஜில வைச்சு விடியப் பாவியுங்கோ. ஆடை நீக்கின பால்மா எண்டால் ருசி தட்டையாகப் போகும். காய்ச்சின பசுப்பாலின்ர காய்ச்சல் வாசம் வனிலாவை மூடும்.

சீரியல் 30 கிராம், பால் 125 மில்லிலீற்றர். முதல்ல பாலை ஊத்தி, பிறகு சீரியலை ஒரு கரண்டி ஒரு கரண்டியாகப் போட்டுச் சாப்பிடுங்கோ. முழுப் பங்கையும் ஒரேயடியாகக் கொட்டினால் கடைசிக் கரண்டி எப்பவும் கூழ்தான்.

உந்த 30 கிராமில சீனி மட்டும் 7 கிராமுக்கு மேல வரும். பெட்டியின்ர பக்கத்தில இருக்கிற அட்டவணையைப் பாருங்கோ. உலக சுகாதார நிறுவனம் பெரியாக்களுக்கே ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள்ள நிப்பாட்டினால் நல்லதெண்டு சொல்லுது. பிள்ளையளுக்கு நாளாந்தக் காலைச் சாப்பாடாக்காதேங்கோ.

மாரிமழை:
பாலுக்குப் போக முதல் ஒரு துண்டை வெறுமனே கடியுங்கோ. "டக்" எண்டு முறியாட்டில் அது ஏற்கெனவே ஈரம் குடிச்சிட்டுது. தட்டில ஒரே படையாகப் பரப்பி, 100 பாகை அவனில 5 நிமிசம் வையுங்கோ. சூடாக இருக்கேக்க மெத்தெண்டுதான் இருக்கும், பயப்பட வேண்டாம். நல்லா ஆறினாப் பிறகுதான் மொறுமொறுப்புத் திரும்பும். சூட்டைக் கூட்டினால் பூச்சு ஒட்டும், கொக்கோ கருகிக் கசக்கும்.

உள்பையை மடிச்சுக் கிளிப் போட்டு, இறுக்கமான மூடியுள்ள பேணிக்குள்ள வையுங்கோ. ஃபிரிட்ஜில வேண்டாம்; வெளியில எடுத்துத் திறந்த உடன எங்கட ஈரக்காத்து அதில வேர்க்கும். பார்சலுக்குள்ள சவர்க்காரமும் சேர்ந்து வந்ததோ எண்டும் பாருங்கோ. அந்த வாசம் அட்டைப்பெட்டியைத் தாண்டி உள்ளுக்கு இறங்கும், இறங்கினால் அவனில வைச்சாலும் போகாது. அந்தப் பெட்டியை வைச்சு ஒரு முடிவும் எழுதாதேங்கோ.

கோண்டாவிலான்:
நன்றி. சவர்க்கார வாசம் இல்லை. பாரையே இடிச்சுச் சாதாரண கோர்ன்ஃபிளேக்சில போட்டு மூண்டாவது கோப்பையாக வைச்சால் ஒப்பிட உதவுமோ?

இணுவில்_பேக்கரி:
உதவாது. குளிர்பால் பட்ட உடன கொக்கோ வெண்ணெய் இறுகி, மெழுகுத் துண்டு மாதிரி வாயில கிடக்கும். விழுங்கினாப் பிறகுதான் ருசி வரும். பாரைத் தனியாகவே வையுங்கோ.

பாரில வெள்ளைப் படலம் இருக்கோ பாருங்கோ. வழியில உருகித் திரும்ப இறுகினால் கொழுப்பு மேல வந்து அப்பிடிப் படியும். சாப்பிடலாம், ஆனால் முறிவும் உருகலும் கெட்டிருக்கும், ஒப்பிட ஆகாது. அதுக்காக இங்கத்தைக் கடையில ஒரு கிட்கட் வாங்கி வைக்கவும் வேண்டாம், நாட்டுக்கு நாடு சேர்மானம் மாறும். அமெரிக்காவில அதைச் செய்யிறதே ஹேர்ஷி எண்ட வேற கொம்பனி. கிட்கட்டும் லயனும் இங்கிலாந்தின்ர றவுன்ட்ரீ கொம்பனியில இருந்து வந்தவை. கிட்கட் 1935இல வேற பேரில வந்து 1937இல இந்தப் பேரை எடுத்தது, 1988இல றவுன்ட்ரீ கொம்பனியையே நெஸ்லே வாங்கினது. அதால பிரிட்டிஷ் பாரோட பார்க்கிறதுதான் நியாயம். மத்தியான வெக்கையில பார் இளகும், காலமை பாருங்கோ.

ஒழுங்கு: கிட்கட் சீரியல் வெறுமனே, பிறகு பாலோட, பிறகு மிஞ்சின பால். அதுக்குப் பிறகு லயன், அதே மாதிரி. கரமல் நாக்கில ஒட்டி நிக்கிறபடியால் அதை முன்னுக்கு வைக்காதேங்கோ. பார் ரெண்டும் கடைசியில. அந்தக் கொழுப்பு நாக்கில படிஞ்சால் சீரியலின்ர மெல்லிய வாசம் பிடிபடாது. இடையில வெதுவெதுப்பான தண்ணி, தேத்தண்ணி வேண்டாம். சம்பலோட இடியப்பம் சாப்பிட்டிருந்தால் உறைப்பு முழுக்க அடங்கும் வரைக்கும் பொறுங்கோ.