ஒளிமின்விலகல், இருமுனைச் சாயம்: இரண்டு சொற்களுக்கு ஒரு முன்மொழிவு

நண்பர்களுக்கு வணக்கம்.

ஃபோட்டோரிஃப்ராக்டிவ் பாலிமர் (photorefractive polymer) என்பதற்குத் தமிழில் “ஒளிவிலகல் பலபடி” போதும் என்று கலைச்சொல் பற்றிய முந்தைய மடலில் வந்த கருத்தை என்னால் ஏற்க முடியவில்லை. கண்ணாடியிலும் தண்ணீரிலும்கூட ஒளி விலகத்தான் செய்கிறது. இந்தப் பெயரைப் படிக்கிற மாணவர், மூக்குக்கண்ணாடி செய்யும் பிளாஸ்டிக் என்று நினைத்துவிடுவார். இங்கே ஒளி பட்டதால் பொருளின் விலகலெண்ணே, அதாவது அது ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்ற அளவே, இடத்துக்கு இடம் மாறிப்போகிறது. 1966இல் பெல் ஆய்வகத்தில் லித்தியம் நையோபேட் படிகத்தில் இதை முதலில் பார்த்தவர்கள், லேசர் படிகத்தைக் கெடுத்துவிட்டது என்றே எண்ணி “ஒளிச்சேதம்” என்ற பொருளில் பெயர் வைத்தார்கள்.

சொல்லக்கூடிய அடுத்த பெயர் “ஒளிதூண்டு விலகலெண் மாற்றம்”. தவறில்லை, ஆனால் வலை மிகப் பெரிது. லேசரின் சூட்டால் விலகலெண் மாறினாலும் இந்தப் பெயர் பொருந்தும். இத்தகைய பலபடிகளில் கலக்கும் அசோ சாயங்களில் சிக்கல் இன்னும் கூடுதல். ஒளி பட்டதும் அந்த மூலக்கூறு நைட்ரஜன் இரட்டைப் பிணைப்பின் இடத்தில் ட்ரான்ஸ் வடிவிலிருந்து சிஸ் வடிவுக்கு மடங்குகிறது. அதனாலும் விலகலெண் மாறும், மின்னூட்டம் எதுவும் நகராமலே.

நாம் பெயர் தேடும் விளைவுக்கு மின்னூட்டம் நகர்ந்தே ஆக வேண்டும். இரண்டு லேசர் கற்றைகள் குறுக்கிட்டு வெளிச்சமும் இருளுமாகப் பட்டைகள் விழுகின்றன. வெளிச்சப் பட்டையில் மின்துளைகள், அதாவது எலக்ட்ரான் விட்டுப்போன நேர்மின் இடங்கள், பிறக்கின்றன; வெளியிலிருந்து கொடுக்கும் மின்புலம் அவற்றைப் பலபடி வழியே இழுத்துச் செல்கிறது; போகும் வழியில் அவை பொறிகளில் சிக்கி நிற்கின்றன. இப்படிப் பிரிந்த மின்னூட்டங்களுக்கு இடையே உண்டாகும் மின்புலம்தான் விலகலெண்ணை மாற்றுகிறது. அதனால்தான் விலகலெண் பட்டைகள் ஒளிப்பட்டைகளிலிருந்து சற்றுத் தள்ளி விழுகின்றன, ஒரு கற்றையின் ஆற்றல் மற்றதற்குப் போய்ச் சேருகிறது. ஒளி, மின், விலகல் என்று வரிசை அப்படியே இருப்பதால் “ஒளிமின்விலகல்” என்கிறேன். ஒளிமின் விளைவு, ஒளிமின்கலம் என்று பழகியவர்களுக்கு இது அந்நியமாகவும் இராது.

இலங்கை நண்பர்கள் ரிஃப்ராக்‌ஷனை முறிவு என்பார்கள். அழகான சொல்தான். ஆனால் “ஒளிமின்முறிவு” என்றால் மின்காப்பு முறிவு, அதாவது மின்கடத்தாப் பொருள் உயர் மின்னழுத்தம் தாங்காமல் மின்சாரத்தைக் கடத்திவிடுவது, நினைவுக்கு வருகிறது. நூறு மைக்ரோமீட்டர் தடிமனுள்ள படலத்துக்குச் சில ஆயிரம் வோல்ட் கொடுக்கும் துறையில் அந்த ஆபத்து நிஜமாகவே உண்டு. இரண்டுக்கும் ஒரே சொல் வேண்டாம்.

சரி, பலபடியில் கலக்கும் சாயத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். அந்தச் சாயத்தைக் குறிக்கும் குரோமோஃபோருக்கு (chromophore) “நிறந்தாங்கி” என்ற சொல் ஏற்கெனவே இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பலபடியில் நிறம் ஒரு தொல்லை. வேலை செய்யும் அலைநீளத்தில் சாயம் ஒளியை எவ்வளவு குறைவாக உறிஞ்சுகிறதோ அவ்வளவு நல்லது. அதை நாம் சேர்ப்பது, மின்புலத்தில் திரும்புவதற்காக.

ஒரு முனையில் எலக்ட்ரான் வழங்கும் தொகுதி, மறுமுனையில் ஏற்கும் தொகுதி, நடுவே ஒற்றையும் இரட்டையுமாக மாறிமாறி வரும் பிணைப்புச் சங்கிலி. இந்த அமைப்பால் மூலக்கூறின் ஒரு முனை நேர்மின்னாகவும் மறுமுனை எதிர்மின்னாகவும் சாய்ந்து, அதற்குப் பெரிய இருமுனைத் திருப்புத்திறன் (dipole moment) வருகிறது. “திருப்புத்திறன்” என்ற நம் பாடநூல் சொல் இங்கே எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது பாருங்கள்! மென்மையான பலபடியில் விலகலெண் மாற்றத்துக்குச் சாயம் திரும்புவதால் கிடைக்கும் பங்கு, அந்தத் திறனின் இருமடிக்கு நேர்விகிதம். திறன் இரட்டித்தால் அந்தப் பங்கு நான்கு மடங்கு. மூலக்கூறின் நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் முனைவாகுதிறன் (மின்புலத்தில் எலக்ட்ரான்கள் எளிதில் இடம்பெயரும் தன்மை) எவ்வளவு வேறுபடுகிறது என்பதும் கூடவே பெருக்கப்படுகிறது.

அதற்காகச் சங்கிலியை நீட்டிக்கொண்டே போக முடியாது. நீட்டினால் உறிஞ்சல் சிவப்புப் பக்கம் நகர்ந்து லேசரையே விழுங்கத் தொடங்கும். வலுவான இருமுனைகள் ஒன்றுக்கொன்று எதிரெதிராகப் படுத்து ஒன்றின் திறனை மற்றது அழித்துவிடும்; சாயம் படிகமாகப் பிரிந்து படலமும் மங்கிப்போகும். அதனால்தான் பக்கவாட்டில் ஆல்கைல் தொடர்களை ஒட்டி, நெருங்கவிடாமல் செய்கிறார்கள். இன்னொன்றும் உண்டு: துளைகளைக் கடத்தும் பலபடியைவிட எளிதாக எலக்ட்ரானை இழக்கும் சாயமாக இருந்தால் அதுவே பொறியாகித் துளைகளைப் பிடித்துக்கொள்ளும், விளைவின் வேகம் குறையும்.

முதல் ஒளிமின்விலகல் பலபடி 1991இல் ஐபிஎம் அல்மடன் ஆய்வகத்திலிருந்து வந்தது. 1994இல் பாலிவினைல்கார்பசோலுடன் ஓர் அசோ சாயத்தைக் கலந்த படலம், விழுந்த ஒளியில் 86 விழுக்காட்டை விளிம்புவிளைவால் (diffraction) திருப்பியது. அதில் பாதி எடை சாயம்தான். கூடவே எத்தில்கார்பசோலைச் சேர்த்துப் பலபடியை இளக வைத்திருந்தார்கள், சாயம் அறை வெப்பநிலையிலேயே திரும்புவதற்காக.

ஆகவே இந்தத் துறைக்கு மட்டும் “இருமுனைச் சாயம்” என்கிறேன். “சுழல்சாயம்” என்ற யோசனையும் வந்தது. அது ஓயாமல் சுற்றுவது போன்ற எண்ணத்தைத் தருகிறது. இந்த மூலக்கூறோ மின்புலத்தின் பக்கம் திரும்பி நிற்கிறது.

மிச்சம் இருப்பது, அந்த 1994 கலவையில் ஒரு விழுக்காடே இருந்த சென்சிடைசர் (sensitizer). முந்தைய பட்டியலில் “உணர்வூட்டி” என்று இருக்கிறது. ஒளியை வாங்கி முதல் துளையைப் பிறப்பிப்பது அதன் வேலை என்பதால் “துளைபிறப்பி” எனக்குப் பிடிக்கிறது. எலக்ட்ரான்கள் நகரும் கலவைகளிலும் இந்தச் சொல் நிற்குமா என்று வேதியியல் நண்பர்கள் சொல்லுங்கள்.