படைப்பு வீட்டுப் படங்கள்: ரார் பாகங்களா, வெறும் ஃபோல்டரா?

கோவிலூர்க்காரன்:
பங்காளிகள் கூடி முன்னோருக்குப் படையல் போடும் எங்கள் படைப்பு வீட்டில் இருந்த கொடுக்கல் வாங்கல் ஏடுகளின் ஸ்கேன், இசைகுடிமான (கல்யாண ஒப்பந்த ஏடு) படங்கள், போன படைப்பின் வீடியோ, புள்ளிக் கணக்கு (குடும்ப வாரிப் பட்டியல்) எக்செல், எல்லாம் சேர்த்து 26 ஜிபி. கோலாலம்பூர்ப் பங்காளி ஒருவர் எல்லாவற்றையும் ரார் என்ற ஒரே கட்டாகக் கட்டி, ஏழு பாகமாக வெட்டி, 32 ஜிபி பென்டிரைவில் கொடுத்துவிட்டிருக்கிறார். இங்கே இருப்பது விண்டோஸ் 10. செவன்-ஜிப் என்ற மென்பொருள் போட்டுப் பிரித்தால் ஐந்தாம் பாகத்தில் 'சிஆர்சி ஃபெயில்டு' (சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை) என்று நிற்கிறது. சி டிரைவில் 40 ஜிபி காலி, டி-யில் 200. இதை எப்படி மீட்பது? நாம் மற்றப் பங்காளிகளுக்கு அனுப்பும்போது எப்படி அனுப்புவது?

தேவகோட்டை ரஸ்தா:
முதலில் பென்டிரைவிலிருந்து நேராகப் பிரிப்பதை நிறுத்துங்கள். ஏழு பாகத்தையும் டி டிரைவில் ஒரே ஃபோல்டருக்குள் காப்பி செய்யுங்கள். பெயரில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டாம், பார்ட்1, பார்ட்2 என்ற வரிசையைப் பார்த்துத்தான் மென்பொருள் அடுத்த பாகத்தைத் தேடும். பிறகு பிராப்பர்டீஸில் அளவு பாருங்கள். முதல் ஆறும் பைட் வரைக்கும் ஒரே அளவாக இருக்கணும், ஏழாவது மட்டும் சிறியது. ஆறில் ஒன்று குறைந்தாலும் காப்பி பாதியில் அறுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அளவு சரி என்றால் பார்ட்1 மேல் ரைட் கிளிக், செவன்-ஜிப், 'டெஸ்ட் ஆர்க்கைவ்'. மற்ற ஆறையும் தொடவே வேண்டாம், அது தானாக எடுத்துக்கொள்ளும். டெஸ்ட் தேறினால்தான் 'எக்ஸ்ட்ராக்ட் ஃபைல்ஸ்'. போகும் இடத்தை டி டிரைவில் 'படைப்பு' என்று சின்னதாக வையுங்கள். பாகங்களுக்கு 26, பிரிந்தவைக்கு இன்னொரு 26, ஆக 52 ஜிபி வேண்டும். செவன்-ஜிப் ஜன்னலிலிருந்து மவுஸால் இழுத்துப் போடும் பழக்கம் இருந்தால் விடுங்கள். அப்படிச் செய்தால் சி டிரைவின் டெம்ப் ஃபோல்டரில் பிரித்துவிட்டு அப்புறம் டி-க்கு நகர்த்தக்கூடும், உங்கள் 40 ஜிபியில் பாதிக்கு மேல் அதிலேயே போய்விடும்.

கீழவளவு:
எல்லாம் சரி தம்பி, ஆனா நோய் அங்க இல்ல. ஜேபெக்கையும் வீடியோவையும் எதுக்கு ராருக்குள்ள அடைக்கணும்? ரெண்டுமே ஏற்கெனவே சுருங்குனது. 26 ஜிபியை என்ன அமுக்கினாலும் 26 ஜிபிதான். ஏழு பாகமா வெட்டுனதுக்கு ஒரே காரணம், அந்த பென்டிரைவ் ஃபேட்32ன்ற பழைய ஃபார்மட்ல இருக்கு. அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல ஏறாது. அந்த வரம்பு இல்லாத எக்ஸ்ஃபேட்டா ஃபார்மட் பண்ணி ஃபோல்டரை அப்படியே போட்டிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது. ஒரு படம் கெட்டா ஒரு படத்தோட போகும். இங்க பெரிய வீடுகள்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்காருறது எழுபது வயசு ஆச்சிமார். விண்டோஸ் 10 ராரைத் தானா திறக்காது, விண்டோஸ் 11கூட 2023 கடைசியிலதான் திறக்கக் கத்துக்கிச்சு. அவங்களை மென்பொருள் தேடி நெட்ல அலைய விடணுமா? தேடுனதும் மேல வர்ற விளம்பரத்துல எது நிஜம் எது போலின்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

தேவகோட்டை ரஸ்தா:
ஆச்சி, எக்ஸ்ஃபேட் பென்டிரைவை ஹால் டிவியில் செருகிப் பாருங்கள். பழைய டிவிகள் பல ஃபேட்32 மட்டும்தான் படிக்கும். படைப்பு வீடியோவை எல்லாரும் டிவியில்தான் போடுவார்கள்.

அதைவிட முக்கியம், வெறும் ஃபோல்டரில் படம் கெட்டால் கெட்டது யாருக்கும் தெரியாது. ஜேபெக் நடுவில் பாதி சாம்பல் நிறமாக வரும்வரை, அதுவும் அந்தப் படத்தைத் திறந்தால்தான், கண்ணில் படாது. இங்கே ரார் வாயைத் திறந்து 'ஐந்தாம் பாகம் கெட்டது' என்று சொல்கிறதே, அந்தச் சோதனைக்காகத்தான் அடைப்பது. சுருங்குவதற்காக இல்லை. ராரில் ரெகவரி ரெக்கார்டு வைத்திருந்தால் கெட்ட இடத்தைத் திருப்பி எழுதவும் முடியும். 3 சதவீதம் வைத்தால் 26 ஜிபிக்குச் சுமார் 800 எம்பி கூடும், அவ்வளவுதான். செவன்-ஜிப்பில் அந்த வசதி கிடையாது.

கீழவளவு:
வச்சிருந்தா! ரார் கட்டுற வின்ரார் மென்பொருள்ல அந்த டிக் தானா விழாது, நாமதான் போடணும். எத்தனை பேர் போடுறாங்க? அது இல்லாத ரார், பூட்டுன பெட்டகத்துக்குச் சாவியைத் தொலைச்ச கதைதான்.

கழனிவாசல்:
நடுவில் ஒரு விஷயம். ரெண்டு பேருமே ஃபைல் பெயர்களை மறந்துவிட்டீர்கள். நம் ஃபைல்கள் தமிழ்ப் பெயரில் இருக்கும். பழைய கருவிகளிலும் சில மொபைல் செயலிகளிலும் கட்டிய ஜிப்பில், பெயர் யூடிஎஃப்-8 (எல்லா மொழி எழுத்தையும் எழுதும் முறை) என்ற குறி போடாமல் விட்டிருப்பார்கள். விண்டோஸில் பிரித்தால் பெயரெல்லாம் கோடும் கட்டமுமாக வரும். படத்துக்கு ஒன்றும் ஆகியிருக்காது. செவன்-ஜிப்பைக் கட்டளை வரியில் ஓட்டி, கோட் பேஜ் 65001 (அதே யூடிஎஃப்-8தான்) என்று கொடுத்துப் பிரித்தால் தமிழ் திரும்பி வரும். ராரிலும், செவன்-ஜிப்பின் சொந்த வடிவமான செவன்-ஜெட்டிலும் இந்தத் தொல்லை வராது. ஜிப்தான் வேண்டும் என்றால் செவன்-ஜிப்பில் கட்டும்போது பேராமீட்டர்ஸ் பெட்டியில் 'சியூ' சமம் 'ஆன்' என்று ஆங்கில எழுத்தில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று நீளம். 'இசைகுடிமானம்' நமக்கு ஏழு எழுத்து. கணினிக்கு 12, கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனிக் கணக்கு. விண்டோஸில் முழுப் பாதைக்கும் வழக்கமான வரம்பு 260. ஊர், கோயில், வீட்டுப் பெயர், ஆண்டு என்று ஃபோல்டருக்குள் ஃபோல்டராக வைத்து, அதை டெஸ்க்டாப்பில் போய்ப் பிரித்தால் 'பாத் டூ லாங்' என்று நிற்கும். 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' வேறு ஜிப்பின் பெயரிலேயே இன்னொரு ஃபோல்டரை முன்னால் சேர்க்கும். ஆண்ட்ராய்டு போனில் ஒரு பெயருக்கு 255 பைட்தான், தமிழில் ஒரு குறிக்கு 3 பைட், அதாவது 85 குறியோடு முடிந்தது.

கீழவளவு:
இது நல்ல தகவல். அதுக்காக ரார்தான்னு ஆயிடாது. வின்ரார் தானா அப்டேட் ஆகாது. 2023ல ஆபத்தான ஓட்டை வந்து 6.23ல அடைச்சாங்க, 2025ல இன்னொண்ணு, 7.13ல அடைச்சாங்க. என்னைக்கோ போட்ட பதிப்பு இன்னும் எத்தனை வீட்ல ஓடுது?

தேவகோட்டை ரஸ்தா:
செவன்-ஜிப்பும் தானாக அப்டேட் ஆகாது ஆச்சி, அதிலும் 24.09க்கு முந்தியவற்றில் ஓட்டை உண்டு. எதை வைத்திருந்தாலும் மேலே புதுசைப் போடணும், அது பொது.

கோவிலூர்க்காரன்:
சொன்னபடி டி-க்கு மாற்றினேன். முதல் ஆறும் ஒரே அளவு. டெஸ்ட் போட்டால் மறுபடி ஐந்தாம் பாகத்திலேயே பிழை. மெனுவில் 'சிஆர்சி எஸ்எச்ஏ' என்று ஒன்று இருக்கிறதே, அது இதற்கு உதவுமா?

தேவகோட்டை ரஸ்தா:
அதேதான். டி-யில் இருக்கும் ஐந்தாம் பாகத்துக்கு எஸ்எச்ஏ-256 (ஃபைலின் கைரேகை மாதிரி ஓர் எண்) இரண்டு முறை எடுங்கள். ஒரே ஃபைலுக்கு ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் கோளாறு ராம் அல்லது டிஸ்க்கில். ரெண்டும் ஒன்றாக இருந்தால் பென்டிரைவில் இருப்பதற்கும் எடுத்து ஒப்பிடுங்கள். அங்கே எண் மாறினால் காப்பியில் கோளாறு, வேறு யூஎஸ்பி துளையில் செருகி அந்த ஒரு பாகத்தை மட்டும் திரும்ப எடுங்கள். மூன்றும் ஒன்றுதான் என்றால் கோலாலம்பூரில் இருக்கும் மூலத்தின் எண்ணைக் கேளுங்கள்.

கோவிலூர்க்காரன்:
மூன்றும் ஒன்று. கோலாலம்பூர் எண் வேறு. எழுதும்போதே கெட்டிருக்கிறது. வின்ராரில் திறந்து 'இன்ஃபோ' பார்த்தேன், ரெகவரி ரெக்கார்டு இருக்கிறது, 3 சதவீதம்.

கீழவளவு:
அதிர்ஷ்டம். ஆனாலும் அந்த ஒரு பாகத்தை கூகுள் டிரைவ்ல ஏத்தச் சொல்லி இறக்குறதுதான் சுத்தம், 4 ஜிபிதானே. எண் ஒத்துப்போச்சான்னு பார்த்துக்கலாம். ஒரு எச்சரிக்கை: ஃபோல்டராவே ஏத்தினா கூகுள் டிரைவ் 001, 002ன்னு தானா ஜிப் போட்டுக் கொடுக்கும். அது ஒவ்வொண்ணும் முழு ஜிப், ரார் பாகம் மாதிரி ஒண்ணுக்கொண்ணு ஒட்டாது. அப்படி வந்தா எல்லாத்தையும் ஒரே ஃபோல்டருக்குள்ள தனித்தனியாப் பிரிக்கணும். பெரிய ஃபைல் ஜிப்புக்கு வெளியவே தனியா இறங்கும், அதை விட்டுறாதீங்க.

தேவகோட்டை ரஸ்தா:
இறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. வின்ராரில் ஐந்தாம் பாகத்தைத் தேர்ந்து, டூல்ஸ், 'ரிப்பேர்'. புதுசாக ஒரு ஃபைல் வரும். பெயர் 'ஃபிக்ஸ்டு' என்று தொடங்கினால் ரெகவரி ரெக்கார்டு வேலை செய்திருக்கிறது. 'ரீபில்ட்' என்று தொடங்கினால் செய்யவில்லை, அதை நம்பாதீர்கள். பழைய ஐந்தாம் பாகத்தை வேறு ஃபோல்டருக்கு நகர்த்துங்கள், அழிக்க வேண்டாம். புதியதன் முன்னொட்டை எடுத்துவிட்டுப் பழைய பெயரையே வையுங்கள், இல்லாவிட்டால் வரிசை அறுந்துவிடும். எஸ்எச்ஏ எண் கோலாலம்பூர் எண்ணோடு ஒத்தால் சரி. மறுபடி டெஸ்ட், பிறகு பிரிப்பது.

நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம். டி-யில் கடைசியாக எழுதப்பட்ட ஃபைல் பாதியில் நின்றிருக்கும், தேதி வரிசையில் பார்த்து அதை மட்டும் அழித்துவிட்டு, 'ஸ்கிப் எக்ஸிஸ்டிங் ஃபைல்ஸ்' போட்டு மறுபடி ஓட்டுங்கள்.

கீழவளவு:
சரி, ரிப்பேர் ஆகட்டும். மத்தப் பங்காளிகளுக்கு அனுப்பும்போது மட்டும் என் வழி: எக்ஸ்ஃபேட், வெறும் ஃபோல்டர், கூடவே எல்லா ஃபைலுக்கும் எஸ்எச்ஏ எண் போட்ட ஒரு டெக்ஸ்ட் ஃபைல். நீங்க சொன்ன சோதனை அதுலயே நடந்துரும். டிவிக்கு வீடியோவை மட்டும் சின்ன ஃபேட்32 பென்டிரைவ்ல தனியா, 4 ஜிபிக்குள்ள வெட்டி. புள்ளிக் கணக்குல போன் நம்பர் இருக்கிறதால அதை மட்டும் பாஸ்வேர்டு வச்ச செவன்-ஜெட்ல, பெயரையும் மறைக்கிற டிக் போட்டு.

தேவகோட்டை ரஸ்தா:
எண் பட்டியல் கெட்டதைச் சொல்லும், திருத்தாது. வெளியூர் போகும் பென்டிரைவில் நான் ரார்தான் வைப்பேன். உள்ளூர்ப் பங்காளிக்கு உங்கள் வழியே போதும்.

கோவிலூர்க்காரன்:
'ஃபிக்ஸ்டு' என்றே வந்தது. எண் ஒத்துப்போகிறது. டெஸ்ட் ஓடிக்கொண்டிருக்கிறது, ஐந்தாம் பாகத்தைத் தாண்டிவிட்டது.